முன்பணத்துக்குக் கடன் வாங்குமுன்

காரைக்குடிப் பக்கம் 40 லட்சத்துக்கு ஒரு வீடு அமைகிறது என்று வையுங்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி அதிகபட்சம் 80 சதவீதம், அதாவது 32 லட்சம்தான் வீட்டுக்கடன். மீதி 8 லட்சமும், பத்திரச் செலவு 9 சதவீதம் என்று 3.6 லட்சமும் கைக்காசு. இதற்குப் பெர்சனல் லோன் போட்டால் வருமானத்தில் அந்தத் தவணையைக் கழித்துத்தான் கடன் தகுதி பார்ப்பார்கள், வீட்டுக்கடனே சுருங்கிவிடும்.

என்னைக் கேட்டால் நகைக்கடன் தேவலை (வீட்டு ஆச்சி சம்மதிக்க வேண்டும், அது தனிக்கதை). சிபிலில் (வங்கிகள் பார்க்கும் கடன் வரலாற்றுப் பதிவு) அதுவும் தெரியும்தான், ஆனால் காசு வரவர அசலைக் குறைக்கலாம்.

அப்புறம் கைமாற்று. பங்காளியே கொடுத்தாலும் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்காதீர்கள், வங்கிக் கணக்கு வழியாக வாங்குங்கள். இல்லையென்றால் வாங்கிய தொகை அளவுக்கே வருமான வரித்துறை அபராதம் போடலாம்.