மெக்னீசியம் சல்பேட் ஊசி: எங்கே தவறு நடக்கிறது?

எழும்பூர் தாய் சேய் நல மருத்துவமனை வளாகத்தில் காத்திருப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், "பிரஷர் ஏறிடுச்சு, அதுக்கு ஊசி போட்டிருக்காங்க" என்பார்கள். முதல் தவறு இதுதான். மெக்னீசியம் சல்பேட் பிரஷர் மருந்தே அல்ல. கர்ப்பகால ரத்த அழுத்தம் முற்றி வரும் வலிப்பைத் தடுக்கும் மருந்து. 2002-இல் வெளிவந்த மேக்பை ஆய்வில், வலிப்பு வரும் வாய்ப்பை இது பாதிக்கு மேல் குறைத்தது. பிரஷருக்கு லேபெட்டலால், நிஃபெடிபின் என்று தனி மருந்துகள் உண்டு. "அதான் ஊசி போட்டாச்சே" என்று அவற்றை விட்டுவிடக் கூடாது.

அடுத்தது, கலக்குவதில். 50 சதவீத ஆம்ப்யூல் (மருந்து அடைத்த சிறு கண்ணாடிக் குப்பி) என்றால் 2 மில்லியில் 1 கிராம். இடுப்புத் தசையில் ஆழமாகப் போட அது சரி. நரம்பில் அப்படியே ஏற்றக் கூடாது. நரம்பில் ஏற்றும் முதல் டோஸான 4 கிராம் என்பது 8 மில்லி. அதோடு 12 மில்லி சலைன் சேர்த்தால் 20 சதவீதம் ஆகும். அதையும் குறைந்தது 5 நிமிடம் எடுத்து நிதானமாக ஏற்ற வேண்டும். கிராமும் மில்லியும் சதவீதமும் குழம்பும் இடம் இது. நைட் டூட்டியில் கேட்கவே வேண்டாம்; இன்னொருவர் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

ஏறும்போது உடம்பு திகுதிகுவென்று சூடாகும், வியர்க்கும். அது இயல்புதான்.

என்னைக் கேட்டால், அதிகம் அலட்சியப்படுத்தப்படுவது யூரின் பைதான். இந்த மருந்து கிட்னி வழியாகத்தான் வெளியேற வேண்டும். சிறுநீர் மணிக்கு 30 மில்லிக்குக் கீழே போனால் மருந்து உடம்பிலேயே தேங்கும். துணைக்கு இருக்கும் அம்மாவோ மாமியாரோ, பை நிரம்பிவிட்டதே என்று நல்லெண்ணத்தில் கொட்டிவிட்டால் கணக்கு போச்சு. சிஸ்டரைக் கேட்காமல் அதைத் தொடாதீர்கள்.

ஒவ்வொரு டோஸுக்கும் முன்பு முழங்காலைத் தட்டிப் பார்ப்பதும் சடங்கு அல்ல. கால் உதறவில்லை என்றால் மருந்து மிஞ்சிவிட்டது என்று பொருள். அதற்கு மேல் போனால் மூச்சு அடங்கும். மூச்சு நிமிடத்துக்கு 16-க்குக் குறைந்தாலும் அடுத்த டோஸ் கூடாது. இதன் வீரியத்தை முறிக்கும் மருந்தான கால்சியம் குளுக்கோனேட் கட்டில் பக்கத்திலேயே இருக்க வேண்டும். பூட்டிய அலமாரியில் இருந்து என்ன பயன்?

கிட்னிக் கோளாறோ மயஸ்தீனியா கிராவிஸ் என்ற தசை பலவீன நோயோ இருந்தால் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

குழந்தை பிறந்ததும் ஊசியை நிறுத்தச் சொல்லிக் கெஞ்சுபவர்களும் உண்டு. வலிப்பு பிரசவத்துக்குப் பிறகும் வரும். அதனால்தான் 24 மணி நேரம் தொடர்கிறார்கள். வீட்டுக்குப் போன பிறகு கடும் தலைவலி, கண் மங்கல் என்றால் தைலம் தேய்த்துக்கொண்டு இருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.