மலையில் ஒரு காமிக்ஸ் திருவிழா நடத்த

இலங்கை மலையகத்தில், ஹட்டனில் போட்டோ கொப்பிக் கடை வைத்திருக்கிறேன். பாடசாலை விட்டதும் டிமைத் தாள், பிரிஸ்டல் போட், பிளாட்டிக்னம் கலர் பேனை என்று வாங்க வரும் பிள்ளைகளின் கொப்பியைக் கடைசிப் பக்கத்தில் திறந்து பாருங்கள். பாதிப் பேர் ஜப்பான் அனிமே நாயகர்களை வரைந்து வைத்திருப்பார்கள். மற்றவர்களிடம் தாங்களே கண்டுபிடித்த ஆட்கள் இருப்பார்கள்: தேயிலை மலைக்கு மேலே பறக்கும் அண்ணன், சிறுத்தையோடு பேசும் தங்கச்சி. இந்தப் பிள்ளைகளுக்காகத்தான் நானும் நண்பர்களும் சேர்ந்து காமிக்ஸ் திருவிழா நடத்துகிறோம். தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கமிருந்தெல்லாம் எப்படிச் செய்வது என்று கேட்கிறார்கள். எல்லோருக்கும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன்.

நடுவில் எதை வைப்பது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். கொழும்பில் 2015இல் தொடங்கிய லங்கா காமிக் கொன் என்ற காமிக்ஸ் ரசிகர் விழாவைப் பார்த்தவர்கள் அதையே இங்கும் நடத்த ஆசைப்படுவார்கள். பொம்மை விற்கும் ஸ்டால், டீ ஷேர்ட் ஸ்டால், பெரிய மேடை. ஆசையில் பிழையில்லை. ஆனால் தோட்டத்து லயத்து வரிசை வீட்டிலிருந்து பஸ் காசோடு மட்டும் வரும் பிள்ளை அந்த ஸ்டால்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்குப் போகும். எங்களுக்கு வழிகாட்டியது 1975 டிசம்பரில் தோக்கியோவில் நடந்த கொமிக்கெட் என்ற காமிக்ஸ் சந்தையின் முதல் கூட்டம். 32 குழுக்கள், சுமார் 700 பேர், அவ்வளவுதான். வந்த குழுக்கள் தாங்களே வரைந்து தாங்களே அச்சடித்த காமிக்ஸைத்தான் மேசையில் வைத்தார்கள். இன்று அங்கே லட்சக்கணக்கில் கூட்டம் வருகிறது, நடுவில் இருப்பது இன்னும் அதே மேசைதான். எனவே உங்கள் மண்டபத்தில் நல்ல வெளிச்சம் விழும் இடத்தை வரையும் மேசைக்கு ஒதுக்கிவிட்டு, மற்ற எல்லாவற்றையும் அதைச் சுற்றி வையுங்கள்.

ஒரு தாள், எட்டுப் பக்கம்

இந்த ஒரு வித்தையை ஒழுங்காகக் கற்றுக்கொண்டால் திருவிழாவின் பாதி வேலை முடிந்தது. ஒரு ஏ4 தாளைப் படுக்கையாக வைத்து, நீளவாக்கில் ஒரு மடிப்பும் குறுக்கே மூன்று மடிப்பும் போட்டு விரியுங்கள். மேலே நான்கு, கீழே நான்கு என எட்டுக் கட்டங்கள் கிடைக்கும். கீழ் வரிசையில் இடமிருந்து வலமாக 6, 7, 8, 1 என்று மூலையில் சின்னதாக எழுதுங்கள். பிறகு மேல் வரிசையில் இடமிருந்து வலமாக 5, 4, 3, 2. மேல் வரிசை முழுவதும் தலைகீழாக இருக்க வேண்டும், எண்ணும் சரி, படமும் சரி. 1 முன்னட்டை, 8 பின்னட்டை.

வரைந்து முடிந்ததும் தாளைக் குறுக்கே பாதியாக மடித்து, மடிப்புப் பக்கத்திலிருந்து நடுக்கோட்டில் ஒரு கட்ட அகலத்துக்கு மட்டும் வெட்டுங்கள். விரித்தால் தாளின் நடுவில் இரண்டு கட்ட நீளத்துக்கு ஒரு கீறல் இருக்கும். இப்போது நீளவாக்கில் மடித்து இரண்டு ஓரத்தையும் உள்ளே தள்ளினால் கீறல் வாய் திறக்கும், பக்கங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து உட்காரும். பின்னும் வேண்டாம், பசையும் வேண்டாம். ஆறு வயதுப் பிள்ளைகூடச் செய்யும்.

கொப்பி மெஷினுக்கென்று சில விஷயங்கள் உண்டு. பென்சில் கோடு மங்கிப் போகும், அதனால் மேலே கறுப்புப் பேனையால் ஓட்டச் சொல்லுங்கள். இளநீலப் பென்சில் பெரும்பாலும் கொப்பியில் விழாது, அதனால் ஆரம்பக் கோடு போட அது நல்லது. தாளின் நாலு ஓரத்திலும் அரை சென்ரிமீற்றர் வெறுமையாக விடாவிட்டால் மெஷின் தலையையோ காலையோ தின்றுவிடும். பேச்சுக்குமிழில் எழுத்தை முதலில் எழுதிவிட்டுப் பிறகு குமிழை வரையச் சொல்லுங்கள். தமிழ்ச் சொல் நீளமானது, குமிழை முதலில் வரைந்தால் “பயப்படாதீர்கள்” உள்ளே நுழையாது.

தாள் கணக்கு: ஒரு பிள்ளைக்குப் பழக ஒன்று, நல்லதாக வரைய ஒன்று, கொப்பி ஆறு. 60 பிள்ளைகள் என்றால் 480. ஒரு ரீம் 500 தாள், சரியாக வரும். ஆறு கொப்பியில் ஒன்று பிள்ளையின் வீட்டுக்கு, ஒன்று திருவிழா நூலகத்துக்கு. மிச்சம் நான்கையும் மற்றப் பிள்ளைகளோடு மாற்றிக்கொள்ளலாம். ஒரு பிள்ளை தன் புத்தகத்தைக் கொடுத்து இன்னொரு பிள்ளையின் புத்தகத்தை வாங்கும் அந்த இடத்தில்தான் மண்டபத்தில் சத்தம் அதிகம். அதற்கு ஒரு மணித்தியாலமாவது ஒதுக்குங்கள்.

என்ன வரைவது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு நான் ஒரு கதை சொல்வேன். தோட்டங்களுக்குள் வெளியாட்கள் நுழைய முடியாத காலத்தில் தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யர் துணி வியாபாரி வேடம் போட்டு உள்ளே போய்த் தொழிலாளரின் நிலையைப் பார்த்தார். வேடம் போட்ட நாயகனைத் தேடி அமெரிக்கா போக வேண்டியதில்லை. அவருடைய மனைவி மீனாட்சியம்மை பாட்டெழுதிச் சிறு புத்தகமாக்கித் தொழிலாளரிடம் கொண்டுபோனவர். மலையில் சிறு புத்தகம் என்பது நேற்று வந்த சமாச்சாரமில்லை என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

எந்த நாள்

ஞாயிற்றுக்கிழமைதான். சனிக்கிழமை மலையில் வேலை இருக்கும், அம்மாவால் வர முடியாது. அதிலும் 10ஆம் திகதிச் சம்பளத்துக்குப் பிறகு வரும் ஞாயிறு நல்லது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை ஹட்டன், மஸ்கெலியா, நோர்வூட் பக்கத்தை விடாது. சித்திரையிலும் ஐப்பசியிலும் காலை வெயிலாக இருந்தாலும் பின்னேரம் இடியோடு கொட்டும். ஜனவரி கடைசி முதல் மார்ச் நடு வரைதான் எங்களுக்குச் சரி. அது சிவனொளிபாதமலை யாத்திரைப் பருவமும்கூட, ஆகவே போயா (பௌர்ணமி) வரும் வார இறுதியைத் தவிர்த்துவிடுங்கள். ஹட்டன் ஸ்டேஷனிலும் பஸ் நிலையத்திலும் நிற்க இடம் கிடைக்காது.

பதுளை, பண்டாரவளைக்காரர்கள் என் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். ஊவாப் பக்கம் வடகீழ்ப் பருவத்தில்தான் நனையும்.

காலையில் டியூஷனும் அறநெறிப் பாடசாலையும் தேவாலயமும் இருக்கும், பத்து மணிக்குத் தொடங்குங்கள். நாலு மணிக்கு முடித்தே ஆக வேண்டும். தோட்டத்து டிவிசனுக்குப் போகும் கடைசி பஸ்ஸைத் தவறவிட்ட பிள்ளையை இருட்டில் மலையேற விட முடியாது. நோட்டீஸில் முடியும் நேரத்தைப் பெரிதாகப் போடுங்கள். கொழுந்து நிறுக்கும் மடுவம், சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவம், கோயில், பஸ் நிலையம் ஆகிய இடங்களில் ஒட்டுங்கள். முகநூலில் போடுவது பட்டணத்துப் பிள்ளைகளுக்குத்தான் போய்ச் சேரும். நோட்டீஸ் தமிழிலும் சிங்களத்திலும் இருக்கட்டும்.

இடமும் அனுமதியும்

பாடசாலை மண்டபம்தான் என் முதல் தெரிவு. மேசை, கதிரை, கழிவறை எல்லாம் இருக்கும், பெற்றோரும் பயமில்லாமல் அனுப்புவார்கள். அதிபரிடம் பேசுங்கள், அவர் வழியாக வலயக் கல்வி அலுவலகத்துக்குக் கடிதம் போகட்டும். கோயில் மண்டபம் கிடைத்தால் மச்சச் சாப்பாடு கூடாது, சப்பாத்தும் வெளியே. முழு வேடத்தில் வருபவர்களுக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஒலிபெருக்கி வைத்தால் பொலிஸில் அனுமதி எடுக்க வேண்டும். டிக்கெட் விற்பதென்றால் கேளிக்கை வரி உண்டா என்று நகர சபையிலோ பிரதேச சபையிலோ முதலே கேளுங்கள். என்னைக் கேட்டால், டிக்கெட்டே வேண்டாம்.

பழைய காமிக்ஸ் மூலை

ஊரில் கேட்டுப் பாருங்கள், யாராவது ஒரு மாமாவின் டிரங்குப் பெட்டியில் முத்து காமிக்ஸ் இருக்கும். சிவகாசியிலிருந்து 1972இல் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கிய வரிசை அது. 1984இல் வந்த லயன் காமிக்ஸ், 1947இல் தொடங்கிய அம்புலிமாமா, யாழ்ப்பாணத்துச் சுந்தர் 1963இல் தொடங்கிய நகைச்சுவை இதழ் சிரித்திரன் எல்லாம் இருந்தால் கேட்டு வாங்குங்கள். சிங்கள நண்பர்களிடம் பழைய சித்திரக்கதைப் பத்திரிகைகள் இருக்கும். கமிலஸ் பெரேரா வரைந்த கஜமேன் என்ற கார்ட்டூன் பாத்திரத்தைத் தெரியாத சிங்கள அண்ணன்மார் இங்கே குறைவு. அவர்களையே கூப்பிட்டு அந்தக் கதைகளைப் பிள்ளைகளுக்குச் சொல்லச் சொல்லுங்கள்.

வாங்கும்போதே புத்தகத்தின் பெயர், கொடுத்தவர் பெயர், எந்தப் பக்கம் கிழிந்திருக்கிறது என்பதை ஒரு கொப்பியில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். ஒவ்வொன்றையும் தெளிந்த பொலித்தீன் உறையில் வைத்து, வாசிக்கக் கொடுக்கும்போது மட்டும் எடுங்கள். அவற்றைக் கொப்பி அடித்து விற்க யாராவது கேட்டால் மறுத்துவிடுங்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இங்கே இருக்கிறது. அதைவிட, இன்னும் அச்சடித்துக்கொண்டிருக்கும் ஒரு பதிப்பகத்தின் சோற்றில் கை வைக்கக் கூடாது. எங்கள் விற்பனை மேசையில் சொந்தப் பாத்திரங்கள் மட்டும்தான். பிறருடைய நாயகனை வரைந்தால் சுவரில் மாட்டலாம், விற்கக் கூடாது.

வேடம்

பாத்திர வேடம் போட்டு வருவதற்கு கொழும்புக் கடையில் ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்க வேண்டும் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். மாசி மாதம் காமன் கூத்துக்கு ரதிக்கும் மன்மதனுக்கும் எமனுக்கும் கிரீடம் கட்டும் பெரியவர் உங்கள் தோட்டத்திலேயே இருப்பார். திருவிழாவுக்கு இரண்டு மூன்று வாரம் முன்னால் அவரை ஒரு பின்னேரம் கூப்பிடுங்கள். மட்டையை எந்தப் பக்கம் வளைத்தால் உடையாது, ஜிகினாத் தாளை எப்படி ஒட்டினால் சுருங்காது, தலையில் கட்டியது ஆடும்போது அவிழாமல் துணியை எங்கே முடிய வேண்டும் என்பதெல்லாம் அவர் கைக்குத் தெரியும். எங்கள் பிள்ளைகள் காட்போட் பெட்டி, ரெஜிபோம் (தெர்மோகோல்), பழைய ரப்பர் பாய், பைண்டர் கம் இவற்றை வைத்தே கவசம் செய்கிறார்கள். மூடுபனி ஈரத்தில் காட்போட் சீக்கிரம் நமுத்துப் போகும். பைண்டர் கம்மில் கொஞ்சம் தண்ணீர் கலந்து இரண்டு பக்கமும் பூசிக் காய வைத்தால் ஒரு நாள் தாங்கும். கற்றுக்கொடுத்த பெரியவரை மேடையில் முதலில் மரியாதை செய்து, வேடப் போட்டிக்கு நடுவராக உட்கார வையுங்கள்.

விதிகள் சில. வாள் காட்போட்டில் இருக்கலாம், தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி வாசலைத் தாண்டக் கூடாது. துப்பாக்கி மாதிரித் தெரியும் எதுவும் வேண்டாம். வேடம் போட்டவரைக் கேட்காமல் தொடவோ படம் எடுக்கவோ கூடாது. பிள்ளைகளின் படத்தைப் போடுவதற்குப் பெற்றோரின் சம்மதம் வேண்டும். பெண் பிள்ளைகள் உடை மாற்றத் தனி அறை, வாசலில் ஒரு டீச்சர். இதில் எந்தச் சமாதானமும் செய்துகொள்ளாதீர்கள்.

வினாடி வினா, ரூபிக்ஸ் கியூப், கரம் போட், கதை விளையாட்டு எல்லாம் ஒரு பக்கம் நடக்கட்டும். அவற்றுக்கு ஆர்வமுள்ள இரண்டு இளைஞர்கள் போதும். படம் திரையிடுவதாக இருந்தால் உரிமையுள்ளவரிடம் கேட்டுத்தான் போட வேண்டும்.

மழை, கரண்ட், ஈரம்

மூடுபனி உள்ளே வந்தால் தாள் ஈரம் குடிக்கும், மெஷினில் சிக்கும். என் கடையில் தாள் அலுமாரிக்குள் ஒரு குண்டு பல்ப் எப்போதும் எரிகிறது. திருவிழாவன்றும் ரீமை உறையோடு வைத்து, தேவைக்கு மட்டும் பிரியுங்கள். காற்றடித்தால் கரண்ட் போகும். ஜெனரேட்டருக்குக் காசில்லையென்றால், பட்டணத்தில் மெஷின் வைத்திருக்கும் இரண்டாவது கடையோடு முதலே பேசி வைத்து, தாள்களைக் கொடுத்துவிட ஒரு தம்பியை ஆட்டோவோடு நிறுத்துங்கள். வெளியே எதையும் வைக்காதீர்கள், சாப்பாட்டுக் கடை உட்பட. ரொட்டியும் கட்டசம்பலும் பிளேன்டீயும் போதும், அதைத் தோட்டத்து அக்காமாரிடம் கொடுத்தால் வருமானமும் அவர்களுக்கே.

காசைப் பொறுத்தவரை, கடைக்காரர்களிடம் பணமாகக் கேட்காமல் பொருளாகக் கேளுங்கள்: ஒருவர் தாள், ஒருவர் பேனை, ஒருவர் பிளேன்டீக்குச் சீனி. எல்லாக் கடையின் பெயரையும் ஒரே அளவு எழுத்தில் போடுங்கள். அரசியல்வாதி காசு கொடுத்தால் மேடையும் அவருடையதாகிவிடும், பிள்ளைகள் வெயிலில் காத்திருக்க வேண்டி வரும். அன்பாக மறுத்துவிடுங்கள்.

முடிந்த மறுநாளே இரவல் காமிக்ஸை வீடு வீடாகத் திருப்பிக் கொடுங்கள், பிள்ளைகள் செய்த புத்தகங்களில் ஒரு கொப்பியையும் கூடவே கொண்டுபோங்கள். வரவு செலவைக் கையால் எழுதிப் பாடசாலைப் பலகையிலும் கடை வாசலிலும் ஒட்டுங்கள். நூலகத்துக்கென்று எடுத்து வைத்த கொப்பிகளைத் தோட்டம் தோட்டமாகப் பிரித்து அந்தந்தப் பாடசாலை நூலகத்துக்குக் கொடுத்து, பொறுப்பான ஆசிரியரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த வருடம் அனுமதிக் கடிதம் எழுதும்போது அந்தத் தாளை இணைத்தால் வேலை சுலபமாகும்.