பழைய ஆங்கில நூல்களில் 'நைஸ்' என்ற சொல்லைப் படிப்பது எப்படி?

ஷேக்ஸ்பியரின் 'ரோமியோ அண்டு ஜூலியட்' நாடகம், ஐந்தாம் அங்கம், இரண்டாம் காட்சி. ரோமியோவுக்கு அனுப்பிய கடிதம் போய்ச் சேரவில்லை என்று தெரிந்ததும் பாதிரியார் லாரன்ஸ் பதறிப்போய், 'தி லெட்டர் வாஸ் நாட் நைஸ்' என்கிறார். இதைக் 'கடிதம் நன்றாக இல்லை' என்று படித்தால் காட்சியே குலைந்துவிடும். 'அது ஏதோ அற்பக் கடிதம் இல்லையே' என்றுதான் அவர் பதறுகிறார். தொடர்ந்து வரும் 'ஃபுல் ஆஃப் சார்ஜ்' என்பதற்கு முக்கியமான செய்தி நிறைந்தது என்று பொருள். ஐயம் வந்தால் இப்படி அடுத்த சொற்களையும் சேர்த்துப் படியுங்கள்.

முதல் வேலை, நூலின் காலத்தைப் பார்ப்பது. 'அறியாத' என்னும் பொருளுடைய லத்தீன் 'நெஸ்கியஸ்'தான் 'நைஸ்' என்பதன் வேர். 14ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞர் சாசரிடம் அது 'முட்டாள்தனமான' என்ற பொருளில் வரும். பிறகு 'எளிதில் திருப்திப்படாத', 'நுட்பமான' என்று மாறியது. இன்றைய 'இனிமையான' என்ற பொருள் பரவியது 18ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான்.

இரண்டாவது, அது எந்தச் சொல்லோடு வருகிறது என்று பாருங்கள். இதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். டிஸ்டிங்ஷன், பாயிண்ட், கொஸ்டின் போன்ற சொற்களுக்கு முன் வந்தால் பெரும்பாலும் 'நுட்பமான' என்று பொருள். 'எ நைஸ் டிஸ்டிங்ஷன்' என்றால் நூலிழை வேறுபாடு. நல்ல வேறுபாடு அல்ல. இந்த வழக்கு இன்றைய சட்டக் கட்டுரைகளிலும் உண்டு. 'மாவை நைசாக அரைக்கவும்' என்கிறோமே, அதை நினைத்துக்கொண்டால் மறக்காது. ஆளைக் குறித்து 'டூ நைஸ்' என்று வந்தால், அளவுக்கு மீறிக் குறை பார்க்கிறவர் என்று கொள்ளலாம்.

மூன்றாவது, 'அற்பமான', 'நுட்பமான', 'குறை பார்க்கிற', 'இனிமையான' ஆகியவற்றை ஒவ்வொன்றாக வாக்கியத்தில் பொருத்திப் பாருங்கள். இரண்டு பொருந்தினால் அவசரப்பட்டு ஒன்றை விட்டுவிட வேண்டாம். ஆசிரியர் இரண்டையும் வைத்து விளையாடியிருக்கலாம்.

பழகிப் பார்க்க ஜேன் ஆஸ்டினின் 'நார்தாங்கர் அபே', 14ஆம் அத்தியாயம் அருமையான இடம். தனக்குப் பிடித்த நாவலைக் கேத்தரின் 'நைசெஸ்ட் புக்' என்கிறாள். ஹென்றி உடனே அதைச் 'செம்மையான, நேர்த்தியான' என்ற பழைய பொருளுக்குத் திருப்பி, அது பைண்டிங்கைப் பொறுத்தது என்று சீண்டுகிறான். அந்த உரையாடலில் 'நைஸ்' வரும் ஒவ்வோர் இடத்திலும், பேசுபவர் எந்தப் பொருளில் சொல்கிறார் என்று ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டே படியுங்கள்.