கோபக்காரப் பையன் பட்டறைக்கு வந்தால் உளி தீட்டக் கற்றுக்கொடுங்கள்

நான் தச்சுவேலைக்காரன். படிப்பு ஒத்துவராமல், வீட்டில் யாரோடும் பேச்சில்லாமல் இருக்கிற பிள்ளைகளை "கொஞ்ச நாள் உங்ககிட்ட இருக்கட்டும்" என்று விட்டுப் போவார்கள். உங்களிடமும் யாராவது விட்டால், முதலில் அவன் கதையைக் கேட்காதீர்கள். பட்டறையைப் பெருக்கச் சொல்வதோடும் விட்டுவிடாதீர்கள். மழுங்கிய உளி ஒன்றைக் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் ஒன்று தீட்டுங்கள். எதிரே உட்கார்ந்தால் விசாரணை மாதிரி ஆகிவிடும்.

தீட்டுக்கல்லை நனைத்து, உளியின் தட்டைப் பக்கத்தை முதலில் சமமாக்க வேண்டும். அப்புறம் சரிவுப் பக்கத்தை ஏறக்குறைய 25 டிகிரியில் கல்லில் பதித்து, மணிக்கட்டை ஆட்டாமல் தேய்க்க வேண்டும். சற்று நேரத்தில் தட்டைப் பக்க விளிம்பில் மெல்லிய இரும்புப் பிசிறு எழும்பும். விரலை விளிம்பின் நீளத்தில் ஓட்டாமல், தட்டைப் பக்கத்தின் உள்ளிருந்து விளிம்பைத் தாண்டி வெளியே நகர்த்தினால் தட்டுப்படும். தட்டைப் பக்கத்தைக் கல்லில் படுக்கவைத்துத் தேய்த்து அதை எடுக்க வேண்டும்.

ஆத்திரத்தில் அழுத்தினால் கை ஆடும், சரிவு உருண்டுவிடும். அதை நீங்கள் சொல்லத் தேவையில்லை. மரத்துண்டின் அறுத்த முனையில் உளியை வைத்துத் தள்ளச் சொல்லுங்கள். கூர் இருந்தால் மெல்லிய சீவல் வரும். இல்லையென்றால் நார் நசுங்கிக் கிழியும். திட்டு வாங்கியே பழகிய பிள்ளைக்கு, தப்பை மனுஷர் சொல்லாமல் மரமே காட்டுவது பெரிய ஆறுதல். பாராட்டும்போதும் "பிரமாதம்" வேண்டாம். "இந்த மூலை வந்துடுச்சு, அந்த மூலை இன்னும் வரல" போதும். கை வேலையில் இருக்கும்போது பேச்சு தானாக வரும். வந்தால் கேளுங்கள், வேலையை நிறுத்தாதீர்கள்.

கருவியை வீசியெறிகிற நாளும் வரும். அன்றைக்குக் கூரான எதையும் கொடுக்காமல், உப்புத்தாள் போடும் வேலையைக் கொடுங்கள். போகும்போது "நாளைக்கு வா" என்று கட்டாயம் சொல்லுங்கள். துரத்திவிடுவார்கள் என்றுதான் அவன் எதிர்பார்த்திருப்பான்.

18 வயது ஆகும்வரை வட்ட ரம்பத்தின் பக்கம் விடவே கூடாது. கையில் வரிவரியாக வெட்டுத் தழும்பு கண்டால் உளியைத் தள்ளிவைத்துவிட்டு, தனியாகக் கூப்பிட்டுப் பேசி, வீட்டாரையும் சேர்த்து மனநல மருத்துவரிடம் அனுப்புங்கள். அது பட்டறையில் தீர்கிற விஷயம் இல்லை.

கூர் வந்தபின் சின்ன முக்காலி ஒன்று செய்யச் சொல்லுங்கள். அவன் போனபிறகு நீங்கள் ரகசியமாகச் சரிசெய்து வைக்காதீர்கள். இணைப்பு தளர்ந்து ஆடினால், எந்தக் கால் என்று அவனே தேடிக் கழற்றி மறுபடி பொருத்தட்டும். அது விற்றுப்போனால் கூலியை அன்றைக்கே அவன் கையில் கொடுங்கள், வீட்டாரிடம் வேண்டாம்.