உப்புத் தோல் ஏற்றும் பிக்கப்பா? லைனரைப் பார்த்து வாங்குங்கள்

வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை டேனரிகளுக்கு உப்புப் போட்ட பச்சைத்தோல் ஏற்றுகிறவர்கள், பிக்கப்பின் பின்பக்கத் தொட்டிக்குள் அப்படியே இறக்கி வைக்கும் பிளாஸ்டிக் லைனரை (தகட்டைக் காக்கும் உறையை) நம்ப வேண்டாம். தோலிலிருந்து வடியும் உப்புத் தண்ணீர் அதன் அடியில் போய்த் தேங்கிவிடும். வண்டி ஆட ஆட பிளாஸ்டிக் உரசி பெயின்ட்டையும் எடுத்துவிடும். அப்புறம் துரு அடியிலேயே தகட்டைத் தின்னும். மேலே பார்த்தால் பளபளவென்றுதான் இருக்கும்.

இவர்களுக்குச் சரியானது பாலியூரித்தேன் ஸ்ப்ரே கோட்டிங். தகட்டோடு ஒட்டிக்கொள்வதால் தண்ணீர் புக இடுக்கே இருக்காது. செலவு கூடத்தான். அடிக்கும் முன் துருவையும் எண்ணெய்ப் பிசுக்கையும் சுத்தமாக எடுத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறார்களா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். அதில் அவசரப்பட்டால் கோட்டிங் பொரிப்பொரியாக உரியும். வேலூர் வெயிலைச் சொல்லவே வேண்டாம், வெளுக்காமல் இருக்க யுவி தாங்கும் கோட்டிங்காகக் கேளுங்கள். தண்ணீர் வடியும் ஓட்டைகளை அடைத்துவிடப் போகிறார்கள், கவனம்.

மாங்காய்க் கூடை, காய்கறி மூட்டை மட்டும்தான் என்றால் கனமான ரப்பர் மேட் போதும். சரக்கு வழுக்காது. அவ்வப்போது தூக்கி, அடியில் கழுவிக் காயவிடுங்கள்.