எரிச்சல் நின்றால் நரம்பு குணமாகிவிட்டதா?

சர்க்கரை நோயால் பாத நரம்பு கெட்டவர்கள் செய்யும் பெரிய தவறு, எரிச்சல் அடங்கியதும் எல்லாம் சரியாகிவிட்டதென்று நம்புவது. ப்ரீகாபலின், டுலாக்செட்டின் போன்ற மாத்திரைகள் வலியைத்தான் குறைக்கின்றன. கெட்ட நரம்பைப் பழையபடி ஆக்குவதில்லை. அது மேலும் கெடாமல் தடுக்கச் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தே ஆகவேண்டும். சிலருக்கு நரம்பு அடியோடு உணர்விழந்துவிடுவதாலேயே எரிச்சல் நிற்கிறது. செருப்பு கழன்றது தெரியாமல் நாலடி நடந்துவிட்டுத் திரும்பிப் பார்க்கிறார்களே, அவர்களுடைய கால்தான் எனக்குக் கூடுதல் கவலை தருகிறது.

அந்தக் காலைத்தான் இதமாக இருக்கும் என்று வெந்நீரில் ஊறவைக்கிறோம். சூடு உறைக்காததால், கொப்புளம் கிளம்பும்வரை காலை எடுக்கத் தோன்றாது. நீரின் சூட்டை முழங்கையால் பார்க்க வேண்டும். ஊறவைப்பதையே விட்டுவிடுவது இன்னும் நல்லது. உச்சி வெயிலில் கோயில் பிரகாரத்தைச் சுற்றுவதும் இதே ஆபத்துதான். காலையிலோ மாலையிலோ போகலாமே.

மருந்துக்கடையில் தாமாகவே டைக்ளோஃபினாக் என்ற வலி மாத்திரையை வாங்கி விழுங்குபவர்கள் ஏராளம். நரம்பு வலிக்கு அது பெரிதாக உதவாது. ஏற்கெனவே நலிந்த சிறுநீரகத்தை மேலும் கெடுக்கும். மருத்துவர் எழுதிய மாத்திரையோ பலன் காட்டச் சில வாரங்கள் ஆகலாம். நாலு நாளில் கேட்கவில்லையென்று திடீரென நிறுத்தக் கூடாது. மயக்கமோ தூக்கமோ அதிகமாக இருந்தால் அவரிடமே சொல்லி அளவை மாற்றிக்கொள்ள வேண்டும்.

'நரம்புச் சத்து' மாத்திரைகளிலும் கவனம் தேவை. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையைப் பல ஆண்டுகள் எடுப்பவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம்; அந்தக் குறைபாடும் காலை மரத்துப்போகச் செய்யும். ஆகவே ரத்தப் பரிசோதனை செய்து பார்ப்பது அவசியம். பரிசோதிக்காமல் பி6 அதிகமுள்ள மாத்திரையை மாதக்கணக்கில் போட்டால் அதுவே நரம்பைக் கெடுத்துவிடும்.

ஆண்டுக்கு ஒருமுறையாவது பாதத்தைச் சோதித்துக்கொள்ளுங்கள். 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையைப் பாதத்தில் வைத்து உணர்வு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். சில நிமிட வேலை, வலியே கிடையாது.

வீட்டில் பிளேடால் ஆணிக்காலைச் சீவாதீர்கள். மருந்துக்கடை கார்ன் பிளாஸ்திரியும் வேண்டாம், அதிலுள்ள அமிலம் தோலை அரித்துவிடும். இரவில் ஒரு கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலையும் விரலிடுக்கையும் பாருங்கள். புண்ணோ, கொப்புளமோ, நிறமாற்றமோ தெரிந்தால், வலிக்காவிட்டாலும் மறுநாளே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.