சின்னச் செல்லா, பெரிய செல்லா? மலையில் நுண்பாசி வளர்த்து அளக்கும் முறை

ஒரே ஊட்டநீரும் ஒரே வெளிச்சமும் கொடுத்தாலும் சின்னச் செல் பாசி பெரும்பாலும் முந்திக்கொள்ளும். 4 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு) விட்டமுள்ள உருண்டைச் செல்லுக்கு, கன மைக்ரான் ஒன்றுக்கு 1.5 சதுர மைக்ரான் மேற்பரப்பு இருக்கிறது. 20 மைக்ரான் செல்லுக்கு வெறும் 0.3. நைட்ரேட், பாஸ்பேட் எல்லாம் அந்தப் பரப்பு வழியாகத்தான் உள்ளே போயாக வேண்டும். பெரிய செல்லுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு: ஓரத்துப் பச்சையம் உள்ளே இருக்கும் பச்சையத்துக்கு வெளிச்சத்தை மறைத்துவிடும்.

கொடைக்கானலிலோ ஊட்டியிலோ இதைச் செய்து பார்க்க, சிறியதற்குக் குளோரெல்லா, பெரியதற்குக் காஸ்மேரியம் (இரண்டும் நன்னீரில் வாழும் ஒருசெல் பச்சைப் பாசிகள்) என்று எடுத்துக்கொள்ளுங்கள். காஸ்மேரியத்தைத் தோட்டத்துக் குட்டையில் தேடலாம். சோலைச் சதுப்பு நிலங்களில் வனத்துறை அனுமதி இல்லாமல் கை வைக்காதீர்கள். குட்டை நீரை 20 மைக்ரான் வலையில் வடிகட்டி, வலையில் தங்கியதிலிருந்து ஒரு செல்லை மெல்லிய பிப்பெட்டால் உறிஞ்சி, தூய ஊட்டநீர்ச் சொட்டுகளில் நான்கைந்து முறை மாற்றி மாற்றிக் கழுவுங்கள். இந்த வேலையில் அவசரம் கூடாது. ஒரே ஒரு குளோரெல்லா ஒட்டிக்கொண்டு வந்தாலும் சில வாரங்களில் குடுவை முழுக்க அதுதான் இருக்கும்.

ஊட்டநீர் (போல்ட் பேசல் என்ற பாசி வளர்ப்புக் கலவை), 1 லிட்டருக்கு: சோடியம் நைட்ரேட் 250 மி.கி., டைபொட்டாசியம் பாஸ்பேட் 75, மோனோபொட்டாசியம் பாஸ்பேட் 175, மெக்னீசியம் சல்பேட் 75, கால்சியம் குளோரைடு 25, உப்பு 25. இத்துடன் இடிடிஏ (உலோகங்களைக் கரைந்த நிலையில் பிடித்துவைக்கும் பொருள்), இரும்பு, போரான், நுண்தனிமக் கரைசல்கள் தலா 1 மி.லி. கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் அடர்த்தியான நிலையில் ஒன்றாக ஊற்றினால் வெள்ளையாகத் திரிந்துவிடும். தண்ணீரில் ஒவ்வொன்றாகக் கரையுங்கள்.

கிருமி நீக்கம்: மலையில் பலர் கோட்டைவிடுவது இங்கேதான். 2100 மீட்டர் உயரத்தில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். வெறும் கொதி போதாது; குக்கர் வேண்டும். காற்றழுத்தம் குறைவு என்பதால் சமவெளியில் 121 டிகிரி தொடும் குக்கர் இங்கே 117 வரைதான் போகும். 15 நிமிடத்துக்குப் பதில் 30 நிமிடம் வையுங்கள்.

வளர்ப்பு: 1 லிட்டர் குடுவையில் 500 மி.லி. இரண்டு குடுவைகளும் ஒரே எல்இடி விளக்கின் கீழ் பக்கத்தில் பக்கத்தில், 12 மணி நேரம் வெளிச்சம், 12 மணி நேரம் இருட்டு. ஜன்னலோரம் வேண்டாம், இரவுக் குளிர் வளர்ச்சியை இழுத்துப் பிடிக்கும். பெரிய செல் சீக்கிரம் அடியில் படியும் என்பதால் தினமும் இரண்டு வேளை குலுக்குங்கள்.

எண்ணிக்கை: தினமும் ஒரே நேரத்தில், நியூபாவர் தட்டில் (நுண்ணோக்கியில் செல் எண்ணக் கட்டம் போட்ட கண்ணாடித் தட்டு) ஒரு மி.மீ. சதுரத்தில் உள்ள செல்களை எண்ணி 10,000-ஆல் பெருக்கினால் 1 மி.லி.க்கான எண்ணிக்கை. இரண்டு நாள் எண்ணிக்கைகளின் இயல் மடக்கை (கால்குலேட்டரில் ln) வித்தியாசத்தை இடைப்பட்ட நாட்களால் வகுத்தால் வளர்ச்சி வேகம். 0.693-ஐ அதனால் வகுத்தால் இரட்டிப்பாக எத்தனை நாள் என்று தெரியும். நீர் கரும்பச்சையாகும் முன் எடுத்த எண்களை மட்டும் கணக்கில் சேருங்கள்.

அளவு: உயிருள்ள செல்லையே அளங்கள், அயோடின் விட்டால் சுருங்கக்கூடும். குளோரெல்லாவுக்கு விட்டத்தின் மும்மடியை 0.524-ஆல் பெருக்கினால் கன அளவு. காஸ்மேரியம் நடுவில் இடுங்கிய இரண்டு பாதிகளால் ஆனது. ஒவ்வொரு பாதிக்கும் நீளம், அகலம், தடிமன் மூன்றையும் பெருக்கி 0.524-ஆல் பெருக்கி, இரண்டையும் கூட்டுங்கள். தடிமன் தெரிய, மூடுகண்ணாடியை ஊசியால் லேசாகத் தட்டிச் செல்லைப் புரட்ட வேண்டும்.

ஒளிச்சேர்க்கை: ஒவ்வொரு பாசிக்கும் 125 மி.லி. பாட்டில் மூன்று. ஒன்றில் உடனே விங்க்ளர் முறையில் (நீரில் கரைந்த ஆக்சிஜனை வேதிப்பொருள்கள் சேர்த்து அளக்கும் முறை) ஆக்சிஜன் பாருங்கள். ஒன்றை வெளிச்சத்திலும், இன்னொன்றை அலுமினியத் தாள் சுற்றியும் 3 மணி நேரம் வைத்துவிட்டுப் பாருங்கள். இந்த முறையில் கடைசியில் சொட்டுச் சொட்டாக விடும் கரைசல் தயோசல்பேட்; 100 மி.லி. நீருக்கு 0.025 நார்மல் அடர்த்தியுள்ள தயோசல்பேட் 1 மி.லி. செலவானால் லிட்டருக்கு 2 மி.கி. ஆக்சிஜன். வெளிச்சப் பாட்டிலின் அளவிலிருந்து இருட்டுப் பாட்டிலின் அளவைக் கழித்தால் மொத்த ஒளிச்சேர்க்கை. மலை நீர் குறைந்த ஆக்சிஜனிலேயே நிரம்பிவிடும். குமிழி கண்டால் பாசியில் ஊட்டநீர் சேர்த்து நீர்க்கவிட்டுத் திரும்பச் செய்யுங்கள்.

விடையை ஒரு செல்லுக்கு இவ்வளவு என்று வகுத்தால் பெரியதுதான் ஜெயித்ததாகத் தெரியும். 20 மைக்ரான் உருண்டை ஒன்றில் 4 மைக்ரான் உருண்டைகள் 125-இன் கன அளவு அடங்கியிருக்கிறதே! ஆகவே கன அளவால் வகுங்கள். இரண்டு இனங்களை மட்டும் ஒப்பிட்டு, வித்தியாசம் முழுவதும் அளவால் வந்தது என்று முடிவு கட்டவும் வேண்டாம். மிகமிகச் சிறிய செல்களைவிட இடைப்பட்ட அளவுள்ளவை வேகமாக வளர்வதும் உண்டு. மூன்றாவதாக, இடைப்பட்ட அளவுள்ள செனடெஸ்மஸ் பாசிக்கு ஒரு குடுவையும் சேர்த்தால் அது பிடிபடும்.